நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்குச் சொட்டு மருந்து?

"கண்ணில் பிரஷர் இருக்கிறது, இந்தச் சொட்டைத் தினமும் போடுங்கள்" என்று உங்களிடமோ உங்கள் வீட்டில் ஒருவரிடமோ மருத்துவர் சொல்லியிருக்கலாம். ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டது. பார்வையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. முன்பும் வலி இல்லை, இப்போதும் இல்லை. பிறகு எதற்கு மாதா மாதம் இந்தச் செலவு என்று தோன்றும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று டேனரியையும் ஷூ கம்பெனியையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் சம்பளம் கிடையாது. ஆனால் சொட்டை நிறுத்தினால் போவது திரும்பி வராத பார்வை. அதனால் உங்களுக்கு வரக்கூடிய சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கண்ணில் பிரஷர் என்றால் என்ன?

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு. இது உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிந்துவிடும். தோல் ஊறவைக்கிற தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க, வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மட்டம் ஏறும். கண்ணோ நாலாபுறமும் மூடிய உருண்டை. நீர் வழிந்து வெளியேற இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பார்வை நரம்பை (கண் பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. இந்த நோயின் பெயர் கிளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்).

இதுவும் ரத்த அழுத்தமும் ஒன்றா?

இல்லை. பி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் கண் அழுத்தம் ஏறலாம். கண் அழுத்தத்தைத் தனிக் கருவியால் அளக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 10 முதல் 21 வரை (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) இருக்கும். 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெட்டுப்போகிறவர்கள் உண்டு. அதனால்தான் மருத்துவர் அந்த எண்ணோடு நிறுத்தாமல் நரம்பையும், பக்கப் பார்வையையும், நீர் வடிகிற மூலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.

நோய் இருந்தால் எனக்குத் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. இந்த நோய் முதலில் பக்கப் பார்வையைத்தான் தின்கிறது. நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும். தையல் மெஷினில் ஊசிக்கு நூல் கோக்க முடியும், பேருந்து எண்ணைப் படிக்க முடியும். ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடுகட்டிவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டங்களில் 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்விலும், சென்னை சங்கர நேத்ராலயா கிராமங்களில் நடத்திய ஆய்விலும் ஒரே உண்மை வெளிவந்தது. கிளாக்கோமாவின் பொதுவான வகை இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

சொட்டு போட்டால் பார்வை திரும்புமா?

திரும்பாது. அழிந்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இன்றைக்கு உலகில் எங்கும் இல்லை. மிச்சம் இருக்கிற நரம்பைக் காப்பதுதான் சொட்டின் வேலை. போன வருடம் இருந்த பார்வை இந்த வருடமும் அப்படியே இருக்கிறது என்றால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கண் அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு இன்னும் கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்துக் கவனித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சொட்டு போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அந்த முடிவு 2002-இல் வெளியானது.

எல்லோருக்கும் ஒரே வகை நோயா?

இரண்டு பெரிய வகைகள் உண்டு. நீர் வடிகிற மூலையைக் கோணம் என்பார்கள். கோணம் திறந்தே இருந்தும் உள்ளே சல்லடை போன்ற பகுதி அடைத்துக்கொள்வது ஒரு வகை (திறந்த கோண வகை). கோணமே குறுகி மூடிக்கொள்வது இன்னொரு வகை (மூடிய கோண வகை).

இதில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. சி.எம்.சி.யின் கண் பிரிவாக ஆரணி சாலையில் இயங்கும் ஷெல் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், வேலூர் நகரத்தில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 972 பேரைச் சோதித்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில் மூடிய கோண வகை 4.32 சதவீதம் பேருக்கும், திறந்த கோண வகை 0.41 சதவீதம் பேருக்கும் இருந்தது. இன்றைய வரையறை இன்னும் கறாரானது. அதன்படி எண்ணினால் முதல் எண் குறையும். ஆனாலும் குறுகிய கோணம் இந்த ஊரில் அரிதானது இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. குறுகிய கோணம் மட்டும் இருந்து வேறு கோளாறு இல்லாத 50 பேரை ஐந்து ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோது, 11 பேருக்கு அது அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது.

இதனால் உங்களுக்கு என்ன? கோணம் குறுகியவர்களுக்குச் சொட்டு மட்டும் போதாது. லேசரால் கருவிழித் திரையில் ஊசிமுனை அளவு துளை போட்டு நீருக்கு வேறு வழி திறந்துவிட வேண்டியிருக்கலாம். அது சில நிமிட வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: "எனக்கு எந்த வகை? லேசர் தேவையா?" கோணம் குறுகியது என்று சொல்லியிருந்தால், சளி மாத்திரையையோ வயிற்றுப்பிடிப்பு மாத்திரையையோ கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சில மாத்திரைகள் கண்மணியை விரியவைத்து வடிகாலை முழுதாக மூடிவிடும்.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது?

திடீரென்று ஒரு கண் கடுமையாக வலித்து, சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் அது கோணம் சட்டென்று மூடியதாக இருக்கலாம். வாந்தி வருவதால் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. இரவாக இருந்தாலும் கண் மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரமாகப் பார்வையைக் கெடுக்கலாம்.

என் சீட்டில் இருப்பது என்ன மருந்து?

பாட்டிலில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் சிறிதாகவும் இருக்கும். அந்தச் சிறிய பெயரைப் படித்துப் பாருங்கள்.

பெயர் "பிராஸ்ட்" என்று முடிந்தால் (லட்டனோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட்) அது வடிகாலை நன்றாகத் திறந்துவிடும் மருந்து. இரவில் ஒரு முறை போட்டால் போதும். அழுத்தத்தை நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும். இமைமுடி நீளமாக வளரும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும், கண் கொஞ்சம் சிவக்கும். இவை ஆபத்தில்லை. சொட்டு போட்டதும் கண்ணைச் சுற்றித் துடைத்துவிட்டால் தோல் கறுப்பது குறையும். அவசரப்பட்டு இரண்டு முறை போடாதீர்கள். இந்த மருந்தை அளவுக்கு மேல் போட்டால் அதன் பலன் குறையும்.

டிமோலால், கண்ணில் நீர் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. 1978 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போகும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரு சொட்டே கடும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். பசை, சாயம், தோல் தூசு ஆகியவற்றுக்கு நடுவே வேலை செய்து வீசிங் வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள். இன்ஹேலர் எடுப்பவரானால், கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களும், அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு விஷயம்: சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து தெரியாமல் மறைத்துவிடலாம்.

பிரிமோனிடின், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை போடுவது. வாய் உலரும், தூக்கம் வரும். சில மாதம் கழித்துக் கண் சிவந்து அரிக்கும் ஒவ்வாமையும் வரலாம். தோல் வெட்டும் மெஷினில் கைவைத்து வேலை செய்கிறவருக்குத் தூக்கக் கலக்கம் விரலுக்கே ஆபத்து. இந்த மருந்து தொடங்கிய முதல் சில நாள், உங்களுக்கு எவ்வளவு அசதி வருகிறது என்று கவனித்துவிட்டு மெஷினில் நில்லுங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இந்தப் பாட்டில் சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

டோர்சோலமைடு, பிரின்சோலமைடு இரண்டும் நீர் சுரப்பைக் குறைப்பவை. போட்டதும் எரியும், வாயில் கசப்புத் தட்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அசெட்டசோலமைடு, மாத்திரை. டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அழுத்தம் மிக அதிகமாக ஏறும்போது சில நாளுக்குக் கொடுப்பார்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் சொல்லாமல் விடக் கூடாது.

ஒரே பாட்டிலில் இரண்டு மருந்து கலந்தும் வருகிறது. அப்படிப்பட்ட பல பாட்டில்களில் டிமோலால் இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் "இதில் டிமோலால் இருக்கிறதா?" என்று மருந்துக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் எந்தச் சொட்டானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே போட வேண்டும்.

கண் சிவந்தால் கடையில் வாங்கிப் போடும் சொட்டு பரவாயில்லையா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஐ, தூசு, அரிப்பு என்று கடையில் கேட்டு வாங்கும் பல சொட்டுகளில் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் வேகமாக அடக்கும் மருந்து) இருக்கிறது. டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஒரே நாளில் சிவப்பு போய்விடும். அதனால் நல்ல மருந்து என்று மறுபடி மறுபடி வாங்கத் தோன்றும். ஆனால் சில வாரம் தொடர்ந்து போட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவாவது ஏறும். சிலருக்கு மிக அதிகமாக ஏறும். வலியில்லாமலே நரம்பு அழியும். ஏற்கனவே கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

தோல் பதனிடும் குரோமியத்தால் கையிலும் முகத்திலும் அரிப்பு வந்து களிம்பு பூசுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்து, இமைமேல் நாள்கணக்கில் பூசினால் அதுவும் கண்ணுக்குள் போய் அழுத்தத்தை ஏற்றலாம். கண் மருத்துவரே ஸ்டீராய்டுச் சொட்டு எழுதினால் பயப்பட வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது தேவைப்படும். அவர் சொன்ன நாளில் நிறுத்திவிடுங்கள், பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள்.

கண்புரைக்குச் சொட்டு உண்டா என்றும் கேட்பார்கள். புரையைக் கரைக்கும் சொட்டு இல்லை. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. ஆனால் புரையால் மங்கிய பார்வை அறுவைக்குப் பின் திரும்பும், கிளாக்கோமாவால் போனது திரும்பாது. "வயசானா புரைதான்" என்று நீங்களாக முடிவு கட்டாமல் எது என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

வேலையில் கண்ணில் ஏதாவது தெறித்தால்?

டேனரியில் சுண்ணாம்பும் சல்பைடும் காரத்தன்மை கொண்டவை. காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். அதன் விளைவாகப் பின்னால் கண் அழுத்தமும் ஏறலாம். எந்தச் சொட்டையும் தேடாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான குழாய்த் தண்ணீரால் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்புத் துகள் இருந்தால் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு நேராகக் கண் ஆஸ்பத்திரி. முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி.

சொட்டை எப்படிப் போடுவது?

கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்துக் கீழிமையை இழுங்கள். பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண் கொள்வது ஒரு சொட்டுக்கும் குறைவுதான். இரண்டாவது கன்னத்தில் வழிந்து வீணாகும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து மூக்கு வழியாக உடம்புக்குப் போவது இதனால் குறையும். வேறு சொட்டும் உண்டென்றால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்; இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் போட்டுவிடுவது நல்லது.

போட மறந்துவிட்டால்? அடுத்த வேளைக்கு உரியதைப் போடுங்கள், இரட்டிப்பாகப் போடாதீர்கள். இரவுச் சொட்டைச் சாப்பாட்டோடோ பல் துலக்குவதோடோ சேர்த்துவிட்டால் மறதி குறையும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மிச்சமிருந்தாலும் தூக்கிப்போடுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழ் ஜன்னலோரத்தில் மருந்து நிற்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

ரம்ஜான் நோன்பில் என்ன செய்வது?

நோன்புக்காக ஒரு மாதம் சொட்டை நிறுத்திவிட வேண்டாம். கண் சொட்டு நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அறிஞர் மன்றம் 1997-இல் ஜித்தாவில் கூடியபோது, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருந்தால் கண் சொட்டு நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு மனம் தெளிவாகுங்கள். அப்படியும் தயக்கம் இருந்தால், இரவு ஒரு வேளைச் சொட்டைத் தராவீஹ் முடிந்து போடலாம். இரண்டு வேளைச் சொட்டை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளைச் சொட்டாக இருந்தால், நோன்பு தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளியானால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெற உரிமை இருக்கிறது, அட்டையைப் பயன்படுத்துங்கள். அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவை அணுகலாம். வெளியே வாங்குவதானால் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். மதுரையில் அரவிந்த் 1992-இல் தொடங்கிய ஆரோலேப் போன்ற நிறுவனங்கள் கண் மருந்துகளைக் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. கம்பெனி மாறினால், அடுத்த பரிசோதனையில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதா மாதம் வாங்கவே முடியவில்லை என்றால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திறந்த கோண வகைக்கும் லேசர் சிகிச்சை உண்டு. 2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று ஆண்டு வரை சொட்டே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது, அதன் பலனும் காலப்போக்கில் குறையலாம். ஆனால் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. சொட்டும் லேசரும் போதாதவர்களுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் சொட்டை நிறுத்துவது மட்டும்தான் தவறான வழி.

எவ்வளவு நாளைக்குப் போட வேண்டும்?

பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை எடுப்பதைப் போலத்தான். நோய் நிலையாக இருந்தாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் போய் அழுத்தத்தையும் பக்கப் பார்வையையும் சோதிக்க வேண்டும். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், இன்ஹேலரையும், களிம்பையும், பழைய சொட்டுப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பையைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

தனியாகவும் போகாதீர்கள். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. உங்களுக்கு இருந்தால் உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு இப்போது நன்றாகத்தான் தெரியும், உங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய உடன்பிறப்பு ஒருவரையாவது அடுத்த முறை கூட்டிக்கொண்டு போய் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.